மென்பொருள் திட்டங்களில் முடிவுகள்: பெங்களூரு தரும் பாடங்கள்

(பெங்களூருவில் இளம் அதிகாரிகளும் பொருளாதார மாணவர்களும் பங்குகொண்ட கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நிலப் பதிவேடுகளைக் கணிப்பொறியில் ஏற்றும் மத்திய அரசுத் திட்டம் 1988-89ஆம் ஆண்டில் எட்டு மாவட்டங்களில் சோதனை முறையில் தொடங்கியது. கர்நாடகத்தில் 1991இல் குல்பர்கா மாவட்டம், அதாவது இன்றைய கலபுரகி, இதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1996 வாக்கில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களுக்கும் திட்டம் அனுமதிக்கப்பட்டுவிட்டது. பணம் ஒதுக்கப்பட்டது, கணிப்பொறிகள் வந்தன, பதிவேடுகளை ஏற்றும் பணியும் நடந்தது. ஆயினும் உழவருக்கு இதனால் விளைந்த பயன் ஏதுமில்லை எனலாம். காரணம் மிக எளியது. நிலத்தின் உரிமை கைமாறும்போது பதிவேட்டைத் திருத்தும் இடம் தாலுகா அலுவலகம். கணிப்பொறியோ மாவட்டத் தலைநகரில் இருந்தது. கீழே காகிதத்தில் பதிவேடு நாள்தோறும் மாறிக்கொண்டிருக்க, மேலே கணிப்பொறியில் இருந்தது பழைய கணக்கு. ஏற்றி முடிப்பதற்குள்ளாகவே அது காலாவதியாகிவிட்டது.

இத்தோல்வியில் நிரலில் பிழை என்று எவரும் குறை கூறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கணிப்பொறியை எங்கே வைப்பது என்பது, கோப்பில் பார்த்தால், வெறும் தளவாடப் பிரச்சினையாகவே தோன்றும். மாவட்டத் தலைநகரில் நல்ல கட்டடம் உண்டு, மின்சாரம் உண்டு, மேற்பார்வை செய்ய உயர் அதிகாரி உண்டு. ஆகவே அங்கே வைப்பதுதான் விவேகம் என்று யாரும் கூறுவர். ஆனால் திட்டத்தின் தலைவிதியை நிர்ணயித்தது அந்த ஒரு முடிவே.

மென்பொருள் திட்டங்களிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன என்று என்னிடம் கேட்கப்பட்டது. நான் பொறியாளன் அல்லன். பொருளாதாரம் படித்து அரசுப் பணிக்கு வந்தவன். ஆதலால் நிரல் எழுதும் கலையைப் பற்றி நான் பேசுவது பொருந்தாது. ஆனால் எதைச் செய்வது, யாருக்காகச் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது ஆகிய முடிவுகளும், அதை எந்த வகையில் அமைப்பது என்ற பொறியியல் முடிவுகளும் அருமைப்பாடுள்ள வளங்களைப் பங்கிடும் முடிவுகளே. அவற்றால் சிலர் பயனடைகின்றனர். சிலர் செலவை ஏற்கின்றனர். அந்த வகையில் இது நம்முடைய பாடமும் ஆகிறது. இதைப் பயில்வதற்குப் பெங்களூருவைவிட வாய்ப்பான நகரம் நம் நாட்டில் வேறு இல்லை. இங்கு உருவான மூன்று முயற்சிகளை எடுத்துக்கொள்கிறேன். அவற்றில் ஒன்றைப் பற்றியே அதிகம் பேசப் போகிறேன்.

‘பூமி’ திட்டம்

குல்பர்காவில் தொடங்கிய முயற்சியின் மறுபிறப்பே ‘பூமி’. கர்நாடக வருவாய்த் துறையில் ராஜீவ் சாவ்லா என்ற அதிகாரி இதை முன்னின்று நடத்தினார். மென்பொருளை உருவாக்கியது தேசியத் தகவலியல் மையம். ஆர்.டி.சி. என்றும் ‘பஹணி’ என்றும் அங்கே வழங்கும் ஆவணம், தமிழ்நாட்டின் பட்டாவையும் அடங்கலையும் ஒன்றாகச் சேர்த்தது போன்றது. நிலம் யாருடையது, எவ்வளவு, என்ன பயிர், யார் பயிரிடுகிறார், என்ன கடன் என்பவை எல்லாம் அதில் இருக்கும். வங்கியில் பயிர்க்கடன் வேண்டுமானால் அந்தத் தாள் இன்றியமையாதது. சுமார் 67 லட்சம் உடைமையாளர்களுக்குரிய ஏறத்தாழ 2 கோடிப் பதிவேடுகள் சுமார் 9,000 கிராமக் கணக்கர்களின் கைவசம் இருந்தன. கணக்கரைக் கண்டுபிடிப்பதே உழவருக்கு முதல் வேலை. அவர் மூன்று நான்கு கிராமங்களுக்குப் பொறுப்பாளர். இன்று எந்தக் கிராமத்தில் இருக்கிறார் என்பது அவருக்கும் அவர் மனசாட்சிக்குமே தெரியும்.

2002 வாக்கில் 177 தாலுகா அலுவலகங்களிலும் ‘பூமி’ மையங்கள் இயங்கின. 15 ரூபாய் கட்டினால் சான்றிட்ட நகல் அங்கேயே கிடைத்தது. இந்தச் செய்தி எல்லோரும் அறிந்ததுதான். நான் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புவது, இந்தப் பயனுக்குப் பின்னால் இருந்த சில முடிவுகளை.

முதலாவது, கணிப்பொறியைத் தாலுகாவுக்குக் கொண்டுபோனது. முன்னைய தோல்வியின் நேரடியான படிப்பினை இது.

இரண்டாவது, கணிப்பொறிமயமான தாலுகாவில் கையால் எழுதிய பஹணி இனிச் செல்லாது என்று அறிவித்தது. இதில் நிரல் ஏதுமில்லை; ஓர் அறிவிப்பாணை மட்டுமே. ஆனால் இதுவின்றி அந்த மென்பொருள் ஓராண்டுகூடப் பிழைத்திராது என்பது என் கருத்து. கிரெஷாம் விதியை நீங்கள் படித்திருப்பீர்கள். இருவகை நாணயங்கள் ஒரே மதிப்பில் புழங்கினால், கெட்டது நல்லதை விரட்டிவிடும். இரண்டு பதிவேடுகளும் செல்லுபடியாகும் என்றிருந்தால், திருத்துவதற்கு எளிதான காகிதமே வழக்கில் நின்றிருக்கும்; கணிப்பொறி மூலையில் துணி போர்த்தி உட்கார்ந்திருக்கும். அப்படி உட்கார்ந்திருந்த கணிப்பொறிகளை என் பணிக்காலத்தில் பல அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது முடிவு மிகவும் நுட்பமானது. உரிமை மாற்றத்துக்கான மனுக்களை வந்த வரிசையிலேயே முடிக்க வேண்டும். பின்னால் வந்ததை முன்னால் எடுக்க நிரல் இடம் தராது. பொறியாளருக்கு இது வரிசை அமைக்கும் ஒரு முறை மட்டுமே. நமக்கோ இது அரசியல் பொருளாதாரம். ஒரு சிறிய அதிகாரியின் அதிகாரம் பெரும்பாலும் ஆம், இல்லை என்று சொல்வதில் இல்லை. இன்று, நாளை என்று சொல்வதில்தான் இருக்கிறது. காலதாமதத்துக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை வசூலிப்பவர் வரிசையைக் கையில் வைத்திருப்பவர். வரிசையை நிரலின் கையில் கொடுத்ததும் அந்த வருவாய் வற்றிவிடுகிறது. எதிர்ப்பு எழுந்த மனுக்கள் வரிசையிலிருந்து விலகி விசாரணைக்குச் செல்லும் என்பது வேறு. அங்கே மனித விருப்புரிமை தொடரத்தான் செய்யும், தொடரவும் வேண்டும்.

இவற்றோடு, யார் எந்த மாற்றத்தைச் செய்தார் என்பது கைரேகையால் பதிவாயிற்று. கடவுச்சொல்லை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு ‘நான் செய்யவில்லை’ என்று கூற வழியில்லை. பதிவுகளைச் சரிபார்க்கும் பொறுப்பு கிராமக் கணக்கர்களிடமே தரப்பட்டது. பதிவேட்டின் நெளிவு சுளிவுகளை அறிந்தவர்கள் அவர்கள்தாமே. மையத்தில் அலுவலரின் திரைக்கு எதிராக இன்னொரு திரை மக்களை நோக்கி வைக்கப்பட்டது. தன் நிலத்தைப் பற்றி என்ன எழுதப்படுகிறது என்பதை உழவர் தாமே நின்று பார்க்கலாம். ஒரு திரை கூடுதலாக வாங்கும் செலவுதான். எழுத்தறியாதவருக்கு இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். ஆனால் உடன் வந்த மகனுக்கோ பேத்திக்கோ படிக்கத் தெரியும்.

பெங்களூருவின் பொதுவிவகார மையம் 2002இல் நடத்திய ஆய்வில், பழைய முறையைப் பயன்படுத்தியவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் கையூட்டுத் தர நேர்ந்ததாகக் கூறினர். பூமி மையங்களைப் பயன்படுத்தியவர்களுள் அவ்வாறு கூறியவர்கள் நூற்றுக்கு மூவர் அளவே. இது சாதாரண மாற்றம் அன்று.

செலவை ஏற்றவர் யார்?

இதுவரை கூறியது வெற்றியின் கணக்கு. மாணவர்களாகிய நீங்கள் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்.

கிராமத்தில் கிடைத்து வந்த ஆவணம் தாலுகாத் தலைநகரில் கிடைக்கலாயிற்று. கட்டணம் 15 ரூபாய்தான். ஆனால் போய்வரும் பேருந்துச் செலவு, இழந்த ஒரு நாள் கூலி, மின்சாரம் இல்லையெனில் மறுநாளும் வருகை ஆகியவை எந்த ரசீதிலும் இடம்பெறுவதில்லை. ஐந்து ஏக்கர் வைத்திருப்பவருக்கும் அரை ஏக்கர் வைத்திருப்பவருக்கும் இந்தச் செலவு ஒன்றே. சுமை மட்டும் ஒன்றன்று. பின்னர் ஹோப்ளி அளவிலும், அதாவது நமது பிர்கா அளவிலும், மையங்கள் வந்ததால் இக்குறை பெருமளவு தணிந்தது. அந்த அலுவலகத்தைக் கன்னடத்தில் ‘நாட கச்சேரி’ என்பர். நாடகத்துக்கும் இசைக் கச்சேரிக்கும் அதனோடு தொடர்பில்லை என்பதைத் தமிழ் அன்பர்களுக்குக் கூறிவைக்கிறேன்.

இரண்டாவது குறை ஆழமானது. காகிதத்தில் இருந்தது அப்படியே கணிப்பொறிக்கு வந்தது. ஒரே சர்வே எண்ணில் பலருடைய பெயர்கள், ஒவ்வொருவருக்கும் இத்தனை குண்டை என்ற அளவு. ஆனால் எவர் பங்கு எந்தப் பக்கம் என்பதைக் காட்டும் வரைபடம் இல்லை. பாட்டனார் இறந்து முப்பது ஆண்டுகள் ஆகியும் பெயர் மாறாத பதிவுகள் இருந்தன. முதலில் களத்தில் இறங்கி எல்லாவற்றையும் அளந்து திருத்திவிட்டுப் பிறகு கணிப்பொறியில் ஏற்றுவதா, உள்ளதை உள்ளபடி ஏற்றிவிட்டுப் பிறகு திருத்துவதா? இரண்டாவது வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. நானும் அதையே தேர்ந்தெடுத்திருப்பேன். முதலாவது வழியில் சென்றிருந்தால் இன்றும் அளந்துகொண்டே இருந்திருப்போம். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. காகிதத்தில் இருந்த பிழை கணக்கருடைய பிழை. ஊராருக்கு அது பிழை என்று தெரியும். அச்சில் வந்த பிழையோ அரசாங்கத்தின் சொல்லாகிவிடுகிறது. பெயரில் ஓர் எழுத்தைத் திருத்துவதற்கும் மனு, ஆணை, மறுபதிவு என்று நடக்க வேண்டியதாயிற்று.

மூன்றாவதாக, பெங்களூருவைச் சூழ்ந்த கிராமங்களில் நிகழ்ந்ததைச் சொல்ல வேண்டும். சாலமன் பெஞ்சமினும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வு, பூமி திட்டத்தைக் கடுமையாக விமர்சித்தது. பதிவேடுகள் ஒரே இடத்தில் தெளிவாகத் திரண்டதால், எந்த நிலம் யாருடையது என்பதைப் பெருநிறுவனங்களும் மனைத் தொழில் முதலாளிகளும் எளிதில் அறிய முடிந்தது. கிராம அளவில் பேசித் தீர்த்துக்கொள்ளும் வாய்ப்பு சிறு உழவருக்குக் குறைந்தது என்பது அவர்கள் வாதம். இதை முழுமையாக ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. கிராமக் கணக்கரின் நெகிழ்ச்சியைப் போற்றுவோர் அந்த நெகிழ்ச்சிக்கு ஒரு விலைப்பட்டியல் இருந்ததை மறந்துவிடுகின்றனர். எனினும் அவர்கள் சுட்டும் அடிப்படை உண்மையை மறுக்க முடியாது. தகவல் எல்லோருக்கும் திறந்திருப்பது ஒன்று. அதை எல்லோரும் சமமாகப் பயன்படுத்துவது வேறொன்று. நிலத்தின் விலை ஆண்டுதோறும் ஏறிய தேவனஹள்ளி போன்ற இடங்களில், வழக்கறிஞரையும் கணக்காளரையும் வைத்திருப்பவருக்குப் பதிவேடு தந்த பயனும், சொந்தக் காட்டை மட்டும் வைத்திருப்பவருக்குத் தந்த பயனும் ஒரே அளவில் இருந்திருக்க முடியாது.

வாக்குப்பதிவு இயந்திரம்

பூமி திட்டத்துக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே இதே நகரில் இன்னொரு பொதுப்பணிக் கருவி உருவாயிற்று. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய இரு பொதுத்துறை நிறுவனங்களுள் ஒன்று பெங்களூருவில் உள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ். அங்கே அதன் வடிவமைப்பையும் தயாரிப்பையும் மேற்பார்வையிட்டவர் எஸ். ரங்கராஜன் என்ற பொறியாளர். சுஜாதா என்றால் தமிழ் வாசகர்களுக்கு வேறு அறிமுகம் வேண்டியதில்லை.

இந்த இயந்திரத்தைப் பயில்வோர், அது செய்யாதவற்றின் பட்டியலை முதலில் எழுதிப் பார்க்க வேண்டும் என்பேன். அது எந்த வலையமைப்புடனும் இணையாது. அதற்கு மின்கம்பி வேண்டியதில்லை, மின்கலத்தில் இயங்கும். வாக்காளர் படிக்க வேண்டியது ஏதுமில்லை. சின்னத்துக்கு எதிரே உள்ள பொத்தானை அழுத்தினால் போதும். வாக்காளர் யார் என்பதைக் கண்டறியும் வேலையையும் அதனிடம் ஒப்படைக்கவில்லை. அந்தப் பணியை முன்போலவே வாக்குச்சாவடி அலுவலரும், கட்சி முகவர்களும், அழியா மையும் செய்கின்றனர். அலுவலர் தம் கட்டுப்பாட்டுக் கருவியில் அனுமதிப் பொத்தானை அழுத்தினாலன்றி அடுத்த வாக்கு விழாது. இதனால் நிமிடத்துக்கு நான்கைந்து வாக்குகளுக்குமேல் பதிய இயலாது. சாவடியைக் கைப்பற்றிச் சீட்டுகளைக் கட்டுக் கட்டாகக் குத்திப் போட்ட காலத்தில், வேகத்துக்கு விதித்த இத்தடை காவலர் செய்யும் வேலையைச் செய்தது. மெதுவாக இருப்பதை ஒரு பண்பாகவே அமைத்த இயந்திரங்கள் உலகில் அதிகம் இல்லை.

ஆனால் இம்முயற்சி சறுக்கியது பொறியியலில் அன்று, சட்டத்தில். 1982 மே மாதம் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் 50 சாவடிகளில் இயந்திரம் பயன்பட்டது. 1984இல் உச்ச நீதிமன்றம், சட்டம் சீட்டு முறையையே கருதுகிறது, இயந்திரத்துக்கு அதில் இடமில்லை என்று தீர்ப்பளித்தது. அச்சாவடிகளில் மறுவாக்குப்பதிவு நடந்தது. தொகுதியின் முடிவே மாறியது. 1988 டிசம்பரில் சட்டம் திருத்தப்பட்ட பின்னும், 1998இல்தான் மீண்டும் சில தொகுதிகளில் இயந்திரம் வந்தது. 2004 மக்களவைத் தேர்தலில் 543 தொகுதிகளுக்கும் பரவியது.

இன்னொரு முடிவின் விளைவு மேலும் தாமதமாக வெளிப்பட்டது. தன் வாக்கு எப்படிப் பதிவாயிற்று என்பதை வாக்காளர் காண முதல் அமைப்பில் வழியில்லை. எளிமைக்காகவும் செலவுக்காகவும் அது நியாயமான முடிவே. ஆனால் இயந்திரம் சரியாக எண்ணுவது வேறு. தோற்றவரும் அதை நம்புவது வேறு. 2013இல் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் காகிதச் சீட்டைக் காட்டும் இணைப்புக் கருவி முதன்முதலாக வந்தது. 2019 பொதுத் தேர்தலில் நாடு முழுவதும் வந்தது. நம்பிக்கையும் அக்கருவி தர வேண்டிய பயன்களுள் ஒன்று என்பதை ஏற்க நமக்கு முப்பது ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று.

சிம்ப்யூட்டர்

மூன்றாவது முயற்சி சந்தையில் வெல்லாதது. அதனாலேயே அதைப் பற்றிப் பலர் பேசுவதில்லை. 1998இல் பெங்களூருவில் நடந்த கருத்தரங்கு ஒன்றில் பிறந்த எண்ணம், இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்கள் நால்வரும், என்கோர் நிறுவனத்தைச் சேர்ந்த மூவரும் அமைத்த அறக்கட்டளையால் வடிவம் பெற்றது. 2001 ஏப்ரலில் மாதிரி வெளியிடப்பட்டது. கையடக்கமான கணிப்பொறி, லினக்ஸ் இயங்குதளம், தொடுதிரை, இந்திய மொழிகளில் எழுத்தைப் பேச்சாக்கிச் சொல்லும் வசதி. ஒரு கிராமத்துக்கு ஒரு கருவி, ஆளுக்கு ஒரு நினைவு அட்டை என்பது அதன் மையக் கருத்து. தனியொருவர் வாங்க இயலாததை ஊர் சேர்ந்து வாங்கலாம். தன் விவரங்களைத் தன் அட்டையில் வைத்துக்கொள்ளலாம். பொருளாதாரம் அறிந்தவன் என்ற முறையில், இது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. வறுமையைத் தொழில்நுட்பக் கட்டுப்பாடுகளுள் ஒன்றாக வெளிப்படையாக ஏற்றுக்கொண்டு வடிவமைத்த கருவிகள் அரிது.

விலை சுமார் 9,000 ரூபாயாக இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. அது பெரும் எண்ணிக்கையில் உற்பத்தியானால் மட்டுமே இயலும். எண்ணிக்கை வந்தால் விலை குறையும். விலை குறைந்தால்தான் எண்ணிக்கை வரும். இந்தச் சுழலை உடைக்க ஒரு பெரிய கொள்முதலாளர் வேண்டும். அரசுதான் அப்படிப்பட்ட கொள்முதலாளராக இருந்திருக்க முடியும். ஓரிரு மாநிலங்களின் சிறு முயற்சிகளுக்கு அப்பால் அது நிகழவில்லை. 2004 மார்ச்சில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரித்து ‘அமிடா’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தபோது, விலை ஏறத்தாழ 10,000 முதல் 20,000 ரூபாய் வரை இருந்தது. அதற்குச் சற்று முன், 2003இல், 501 ரூபாய் முன்பணத்தில் கைப்பேசி தரும் திட்டத்தை ரிலையன்ஸ் அறிவித்திருந்தது. ஊருக்கு ஒரு கருவி என்ற கணக்கு அந்த ஆண்டே தளரத் தொடங்கியது. மக்கள் முதலில் விரும்பியது கணிப்பொறியை அன்று. தூரத்தில் உள்ள மகனோடு பேச ஒரு கருவியை. பகிர்ந்துகொள்ளும் பொருளாக எண்ணியதை மக்கள் ஆளுக்கொன்றாக வாங்க முடியும் என்ற நிலை வந்ததும், சிம்ப்யூட்டரின் அடிப்படை முடிவே பொருளற்றுப் போயிற்று. பொறியாளர்கள் தவறு செய்தார்கள் என்று நான் கூறவில்லை. 1998இல் சரியாக இருந்த கணக்கு 2004இல் சரியாக இல்லை, அவ்வளவே. எந்த அனுமானத்தின்மேல் ஒரு முடிவு நிற்கிறது என்பதை எழுதிவைத்து ஆண்டுக்கொரு முறை எடுத்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால், அனுமானம் பொய்க்கும்போது மணி அடிக்கும்.

குறிப்புக் கோப்பு எங்கே?

எழுதிவைப்பது பற்றிச் சொன்னேன். அரசு அலுவலகத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் நடப்புக் கோப்பு என்றும் குறிப்புக் கோப்பு என்றும் இரு பகுதிகள் உண்டு. வந்த கடிதமும் சென்ற கடிதமும் முதலாவதில். ஏன் அப்படி முடிவு செய்தோம் என்பது இரண்டாவதில். எழுத்தர் ஒரு கருத்தை எழுதுவார். பிரிவு அலுவலர் மறுப்பார். செயலாளர் மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார். அரை நூற்றாண்டு கழித்து எடுத்துப் படித்தாலும், எந்த மாற்று வழி எதனால் கைவிடப்பட்டது என்பது தெரியும். சிவப்பு நாடா என்று நம்மைக் கேலி செய்வோர் இந்த நற்பண்பைக் கவனிப்பதில்லை.

மென்பொருள் உலகம் இதைத் தாமதமாகவே கண்டுகொண்டது. 2011இல் மைக்கேல் நைகார்ட் என்ற அமெரிக்க வல்லுநர், முக்கியமான ஒவ்வொரு வடிவமைப்பு முடிவுக்கும் சூழ்நிலை என்ன, முடிவு என்ன, விளைவுகள் என்ன என்று ஒரு சிறு குறிப்பு எழுதி, நிரலுடனேயே பாதுகாக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். இன்று பல நிறுவனங்கள் அதைப் பின்பற்றுகின்றன. நமது தலைமைச் செயலக எழுத்தர் எவரும் இதைக் கேட்டால் புன்முறுவல் பூப்பார்.

வருந்தத்தக்கது என்னவெனில், அரசுப் பணி மென்பொருளாக மாறும்போது நமது இந்தப் பழக்கம் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. ஒப்பந்தப் புள்ளியும் பணப்பட்டுவாடாவும் கோப்பில் இருக்கும். படிவத்தில் இந்தக் கட்டம் ஏன் கட்டாயமாக்கப்பட்டது என்பது எங்கும் இராது. நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் பயனாளிகளைப் பதிவு செய்யும் நிரல் ஒன்று இருந்தது. குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பாமல் அது அடுத்த பக்கத்துக்குச் செல்லாது. தமிழ்நாட்டிலிருந்து வந்த விண்ணப்பங்களில் குடும்பப் பெயர் ஏது? முருகேசன் மகன் செல்வராசு, மு. செல்வராசு, அவ்வளவுதான். ஓர் அலுவலர் தந்தை பெயரை அந்தக் கட்டத்தில் இட்டார்; இன்னொருவர் ‘மு’ என்ற எழுத்தை மட்டும் இட்டார்; மூன்றாமவர் செல்வராசுவையே இருமுறை எழுதினார். பிறகு வங்கிக் கணக்குடன் ஒப்பிட்டபோது மூன்றும் பொருந்தவில்லை. தொகை திரும்பி வந்தது. கட்டாயம் என்ற நிபந்தனையை நீக்கலாம் என்றால், அதை யார் எதற்காக வைத்தார் என்பது எவருக்கும் தெரியவில்லை. எழுதியவர் பணியைவிட்டுச் சென்றுவிட்டார். ஏதோ காரணம் இருக்கும் என்று அஞ்சி, அதை நீக்க யாரும் முன்வரவில்லை. சில மாதங்களுக்குப் பின்னரே, பல கடிதங்களின் விளைவாக, அது தளர்த்தப்பட்டது.

இதில் ஒரு பெரிய கேள்வி அடங்கியிருக்கிறது. ஓர் அதிகாரி ஒருவரின் மனுவைத் தள்ளினால் காரணம் எழுத வேண்டும். மேல்முறையீடு உண்டு. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் குறிப்புக் கோப்பின் நகலையும் கேட்கலாம். அதே மனுவை ஒரு நிரல் ஏற்க மறுத்தால் என்ன செய்வது? மறுப்பு என்றுகூட அது பதிவாவதில்லை. விண்ணப்பமே உள்ளே நுழையாததால், கணக்கில் அப்படி ஒருவர் இருந்ததாகவே இராது. விதிகள் அரசிதழில் வெளியாகி, சட்டமன்றத்தின் மேசையில் வைக்கப்பட்டு, மக்கள் அறிய நடைமுறைக்கு வருகின்றன. நிரலில் உள்ள நிபந்தனைகளும் விதிகளே. அவை எந்த மேசையிலும் வைக்கப்படுவதில்லை. ஆகவே மென்பொருள் ஒப்பந்தங்களில், நிரலை ஒப்படைப்பதுடன் முடிவுகளின் குறிப்பேட்டையும் ஒப்படைக்க வேண்டும் என்பதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும் என்பது என் பரிந்துரை. அதற்கு ஆகும் செலவு, திட்டச் செலவோடு ஒப்பிட்டால், பொருட்படுத்தத் தக்கதன்று.

மாணவர்களுக்கு ஒரு பணியைத் தந்துவிட்டு என் உரையை நிறுத்திக்கொள்கிறேன். இந்த நகரைச் சுற்றியுள்ள ஏதேனும் ஒரு நாட கச்சேரிக்கு இருவர் இருவராகச் செல்லுங்கள். அங்கே ஒரு முற்பகல் முழுவதும் அமர்ந்து, வேலை முடியாமல் திரும்பிச் செல்வோர் எத்தனை பேர், எந்தத் திரையில், எந்தக் கட்டத்தில் அவர்கள் மனு நின்றது என்பதைக் குறித்து வாருங்கள். அந்தக் கட்டம் ஏன் அப்படி இருக்கிறது என்பதை அங்குள்ள அலுவலரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் தாலுகாவில் கேளுங்கள். அங்கும் தெரியாவிட்டால் இதே நகரில் உள்ள துறைத் தலைமையிடத்துக்கு வாருங்கள். எத்தனையாவது படியில் விடை கிடைத்தது என்பதையும், கிடைத்த விடை எழுத்தில் இருந்ததா, யாரோ ஒருவரின் நினைவில் இருந்ததா என்பதையும் அறிக்கையில் சேருங்கள். அதிகாரிகளாக இங்கே வந்திருப்போர் தத்தம் துறையின் நிரல் ஒன்றை எடுத்துக்கொண்டு இதையே செய்து பார்க்கலாம். யாருடைய அனுமதியும் அதற்குத் தேவையில்லை.